மேகக் கணிமையும் நூலகக் காப்பும்



முன்னுரை

தமிழ் நூல்கள் இன்று கிடைப்பதற்குக் காரணம் பனையோலையின் உறுதியன்று; படியெடுத்தோரின் உழைப்பே ஆகும். ஓலைக்கு ஆயுள் உண்டு. ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் அதனை அரித்துவிடும். ஆகவே ஓர் ஏடு சிதையுமுன்னர் அதனை வேறோர் ஏட்டிற் பெயர்த்தெழுதினர். அவ்வாறு பெயர்த்தெழுதப் பெற்றவை வாழ்ந்தன, பெறாதவை மறைந்தன. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் சிற்சில பாடல்களாக மட்டுமே எஞ்சி நிற்பது இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கணிப்பொறிக்கும் எழுத்து இடம்பெயர்ந்தது. இப்பொழுது அது கணிப்பொறியையும் விட்டு, கிளவுட் எனப் பலரும் வழங்கும் மேகக் கணிமையிற் குடியேறியுள்ளது. பல்கலைக்கழகங்களும் கல்லூரி நூலகங்களும் தம் நூற்பட்டியல், ஆய்வேடு, பாடக்குறிப்பு, மதிப்பெண் பதிவு ஆகியவற்றை அதன்கண் வைக்கின்றன. இம்மாற்றத்தால் விளையும் பயன் யாது? இதனை நம்பி நூலகம் விட்டுவிடலாகாத கடமை யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மேகக் கணிமை – பொருளும் தோற்றமும்

பெயர் வானத்தைச் சுட்டினும் பொருள் மண்ணிலேயே உள்ளது. சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பெற்ற பெருங்கூடங்களே மேகம் எனப்படுகின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும்; குளிர்ச்சி வேண்டும்; காவல் வேண்டும். பயன்படுத்துவோர் இணையத்தின் வழியே அவற்றின் நினைவிடத்தையும் கணிக்கும் ஆற்றலையும் வேண்டும்பொழுது பெற்று, வேண்டும் அளவுக்குக் கட்டணம் செலுத்துகின்றனர். வீட்டுக்கு வீடு மின்னாக்கி வைத்துக்கொள்ளாமல் மின்வாரியத்தின் இணைப்பைப் பெறுவது போன்றதே இது.

இக்கருத்து புதியதன்று. தொலைபேசியைப் போலக் கணித்தலும் ஒரு நாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகக்கூடும் என்று ஜான் மெக்கார்த்தி 1961ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உரைத்தார். அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் தன் சேமிப்பிடத்தையும் கணிக்கும் ஆற்றலையும் பிறர்க்கு வாடகைக்கு விடத் தொடங்கியபின் அது பெருவணிகமாயிற்று. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2011ஆம் ஆண்டில் இதற்கு இலக்கணம் வகுத்தது. வேண்டியபொழுது தாமே பெறுதல், இணையவழி எங்கிருந்தும் அணுகல், பலர்க்கும் பொதுவான வளம், தேவைக்கேற்ப விரிந்து சுருங்கல், அளந்து கட்டணம் பெறுதல் ஆகிய ஐந்தும் அதன் இயல்புகளாம்.

அதன் சேவைகள் மூவகைப்படும். வெறும் மனையைக் கொடுப்பது போலக் கணினி வளத்தை மட்டும் தருவது ஒருவகை. கட்டிய வீட்டைக் கொடுப்பது போல மென்பொருள் உருவாக்குவதற்கான தளத்தையும் தருவது இரண்டாம் வகை. அடுப்பும் பாத்திரமும் வைத்துக் குடிபுகுமாறு தருவது போல முழு மென்பொருளையே தருவது மூன்றாம் வகை. கல்லூரிகள் நாளும் கையாளும் மின்னஞ்சலும் இணைய வகுப்பறையும் இம்மூன்றாம் வகையின.

உயர்கல்வியிற் பயன்

தேர்வு முடிவு வெளியாகும் நாளை எண்ணிப் பார்த்தால் மேகத்தின் பயன் எளிதில் விளங்கும். ஆண்டு முழுவதும் சில நூறு பேர் மட்டுமே காணும் பல்கலைக்கழக இணையதளத்தை அன்று ஒரு மணி நேரத்திற்குள் பல்லாயிரவர் நாடுவர். அவ்வொரு மணிக்காக ஆண்டு முழுவதும் பெருங்கணினிகளை வாங்கி வைத்தல் வீண்செலவு; வாங்காதிருப்பின் தளம் முடங்கும். மேகத்தில் அம்மணிக்கு மட்டும் ஆற்றலைப் பெருக்கிக்கொண்டு பின்னர்ச் சுருக்கிக்கொள்ளலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டன. சில வாரங்களிலேயே வகுப்புகள் இணையத்திற்கு மாற முடிந்ததற்கு மேகக் கட்டமைப்பே காரணம். கைப்பேசி ஒன்றையே ஒருவர் மாற்றி ஒருவர் பயன்படுத்திய குடும்பங்களும், இணைய இணைப்புக்காக மேட்டு நிலம் தேடிச் சென்ற மாணவர்களும் இருந்தமையையும் மறத்தலாகாது. வளம் மேகத்தில் இருந்தாலும் அதனை எட்டும் ஏணி எல்லார் கையிலும் இல்லை.

ஏழை மாணவனுக்கு மேகம் செய்யும் நன்மை மற்றொன்று உண்டு. விலைமிகுந்த கணிப்பொறி இல்லாதவனும் இணைய இணைப்பிருந்தால், தொலைவிலுள்ள ஆற்றல்மிக்க கணினியில் தன் ஆய்வுக் கணக்கைச் செய்விக்கலாம். இந்திய அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்வயம் தளத்தின் வாயிலாகச் சிற்றூர் மாணவரும் பெருநிறுவனப் பேராசிரியர்களின் பாடங்களைக் கேட்கின்றனர். அரசுத் துறைகளுக்கெனத் தேசியத் தகவலியல் மையம் 2014ஆம் ஆண்டில் தொடங்கிய மேகத்திற்கு ‘மேகராஜ்’ என்று பெயரிடப்பெற்றது.

நூலகப் பணியிற் பயன்

ஒருவர் செய்த பட்டியலைப் பலரும் பகிர்ந்துகொள்ளுதல் நூலகத்தார்க்கு நெடுநாளைய வழக்கம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலக் கல்லூரிகள் கூடி 1967ஆம் ஆண்டில் அமைத்த ஓ.சி.எல்.சி. நிறுவனம் 1971ஆம் ஆண்டு முதல் கூட்டுப் பட்டியலைத் தொலைத்தொடர்புக் கம்பியின் வழியே வழங்கியது. ஒரு நூலுக்கு ஒரு நூலகம் பதிவு செய்தாற் போதும்; ஏனைய நூலகங்கள் அதனையே எடுத்துக்கொள்ளும். மேகம் என்னும் சொல் எழுமுன்னரே மேகத்தின் பயனை நூலகங்கள் அறிந்திருந்தன எனலாம்.

நியூசிலாந்திற் சிறு நூலக அமைப்பு ஒன்றுக்காக உருவாக்கப்பெற்று 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கோஹா என்னும் கட்டற்ற மென்பொருள் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. கோஹா என்பதற்கு மவோரி மொழியில் ‘கொடை’ என்று பொருள். பெயருக்கேற்ப எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். தனியே வழங்கிக் கணினி வாங்க இயலாத கல்லூரியும் மேகத்தில் இதனை நிறுவி, நூல் வழங்கல், திரும்பப் பெறல், பட்டியல் தேடல் அனைத்தையும் நடத்தலாம். தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா மென்பொருளும் அரசு நூலகங்களுக்கு மேகவழியே கிடைக்கின்றது.

ஆய்வேடுகளின் நிலையும் மாறியுள்ளது. முனைவர் பட்ட ஆய்வேடு முன்பெல்லாம் பல்கலைக்கழக அலமாரியில் உறங்கும். வேறு ஊரார் அதனைக் காணப் பயணம் செய்ய வேண்டும். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை ஆய்வேட்டின் மின்படியை அளிக்கச் செய்தது. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையத்தின் சோத்கங்கா தளத்தில் இலட்சக்கணக்கான ஆய்வேடுகள் திரண்டுள்ளன. ஒரே தலைப்பைப் பலர் அறியாமல் மீண்டும் மீண்டும் ஆராய்வதைத் தவிர்க்கவும், பிறர் ஏட்டைப் பெயர்த்தெழுதுவாரைக் கண்டறியவும் இது துணைசெய்கின்றது. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நடத்தும் தேசிய மின்னூலகம் 2018ஆம் ஆண்டில் நாட்டுக்கு உரிமையாக்கப்பெற்றது. அதன் தேடற்பலகை ஒன்றே பல நிறுவனங்களின் தொகுப்புகளுக்கு வாயிலாகின்றது.

வாடகை இல்லத்தின் இயல்பு

இப்பயன்கள் பெரியன, மறுத்தற்கரியன. ஆயினும் மேகம் என்பது பெரும்பாலும் வாடகை இல்லமே. வாடகையும் நிபந்தனையும் உரிமையாளரின் விருப்பத்தைச் சார்ந்தவை.

கூகுள் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் கல்வி நிறுவனங்களுக்கு அளவற்ற சேமிப்பிடத்தை விலையின்றி அறிவித்தது. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அதனை நம்பித் தம் கோப்புகளை அங்கே குவித்தன. 2021ஆம் ஆண்டில் அவ்வறிவிப்பு மாறியது. 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுமைக்குமாக 100 டெராபைட் என அடிப்படை அளவு வரையறுக்கப்பெற்றது. சிறு கல்லூரிக்கு அது போதுமானதே. ஒளிப்படமும் ஒலிப்பதிவும் ஆய்வுத் தரவும் மலையெனச் சேர்த்த பெரும் பல்கலைக்கழகங்களோ எதை வைப்பது, எதை நீக்குவது, எங்கே மாற்றுவது என்று தடுமாறின. நிறுவனம் தன் வணிக முறையை மாற்றியது தவறன்று. அளவற்றது என்ற சொல்லை என்றுமுள்ளது என்று பொருள் கொண்டதே பிழை.

ஆய்விதழ்களின் நிலையும் இத்தகையதே. விலைகொடுத்து வாங்கிய அச்சிதழ் நூலகத்தின் சொத்து. அடுத்த ஆண்டு சந்தா கட்டாவிடினும் பழைய இதழ் அலமாரியில் இருக்கும். மின்னிதழோ ஒப்பந்தம் தரும் உரிமையின் அளவுக்கே கிடைக்கும். இந்திய அரசு 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்கும் வாய்ப்பை 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு அது அளிக்கின்றது. 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பெற்றது. பெருநகர்க் கல்லூரிக்கும் சிற்றூர்க் கல்லூரிக்கும் இருந்த வேற்றுமையைக் குறைக்கும் நற்செயல் இது. எனினும் படிக்கும் உரிமை வேறு, வைத்துக் காக்கும் உரிமை வேறு என்பதை நூலகத்தார் ஒப்பந்தம் எழுதும்பொழுதே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மூன்று நிகழ்ச்சிகள்

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் மூன்று இத்துறைக்குப் பாடமாக அமைந்துள்ளன.

முதலாவது, லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்தது. பணம் பறிக்கும் கும்பல் ஒன்று அதன் கணினிகளுட் புகுந்து தரவுகளைத் திருடி, அமைப்பையே முடக்கியது. உலகின் பெருநூலகங்களுள் ஒன்றின் நூற்பட்டியல் 2024 ஜனவரி நடுப்பகுதி வரை இணையத்தில் இல்லாதொழிந்தது. நூல்கள் அடுக்கில் இருந்தும் அவற்றைத் தேடிக் கண்டு கேட்டுப் பெறும் வழி இல்லை. அந்நூலகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை ஓர் உண்மையை ஒளிக்காது கூறியது. நூலகத்தின் சொந்தப் பழங்கணினிகள் வீழ்ந்தன. மேகத்தில் இருந்த நிதி, ஊதியக் கணக்கு முறைகளோ வழக்கம்போல் இயங்கின. ஆகவே, சொந்த வீட்டில் இருப்பதாலேயே பொருளுக்குக் காவல் அமைந்துவிடாது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்தது. பல்கலைக்கழக ஊழியர்களின் ஓய்வூதிய நிதியாகிய யூனிசூப்பர், ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. கூகுள் மேகத்தில் அமைப்பு வேளையில் நேர்ந்த பிழையொன்றால் அந்நிதியின் தனி மேகக் கணக்கே அழிந்தது. இரண்டு இடங்களில் இருந்த இரட்டைப் படிகளும், ஒரே கணக்கிற்கு உட்பட்டவை ஆதலால், ஒருங்கே மறைந்தன. வேறொரு நிறுவனத்திடம் அந்நிதி முன்னரே வைத்திருந்த காப்புப் படிகள் மீட்புக்குத் துணையாயின. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முடக்கத்துக்குப் பின்னர்ச் சேவை மீண்டது.

மூன்றாவது, தென்கொரியாவில் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று நிகழ்ந்தது. டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பற்றியது. அரசு அலுவலர் தம் பணிக்கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் அரசு மேகம் அதில் அழிந்தது. அளவிற் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியிடக் காப்புப் படி எடுக்கப்படவில்லை. 858 டெராபைட் தரவு மறைந்தது. தனியார் மேகம் மட்டுமன்று, அரசு மேகமும் படியின்றேல் நிலையாது என்பது புலனாயிற்று.

சொந்தக் கணினியும் வீழ்ந்தது. தனியார் மேகமும் வீழ்ந்தது. அரசு மேகமும் வீழ்ந்தது. மீண்டவர் யாவர்? வேறிடத்தில், வேறொருவர் பொறுப்பில் இன்னொரு படி வைத்திருந்தோரே இழந்ததை மீட்டனர். எனவே மேகமா சொந்தக் கணினியா என்னும் பட்டிமன்றம் பயனற்றது. படி எத்தனை, அவை யார்யார் கையில் என்பதே கேட்கத்தக்க வினா.

படியெடுத்தலே காப்பு

இவ்விடையைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு முன்னரே கூறியுள்ளது. உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபொழுதும், 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டபொழுதும், ஒரே சுவடியை நம்பவில்லை. ஊர்தோறும் சென்று பல படிகளைத் தேடினார். ஒன்றிற் சிதைந்த அடி மற்றொன்றில் நிறைவாகக் கிடைத்தது. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றியதும் சுவடி தேடும் உழைப்பினாலேயே ஆகும். படிகள் மடத்திலும், புலவர் வீட்டிலும், அரண்மனையிலுமாகச் சிதறிக் கிடந்தமையே அந்நூல்களைக் காத்தது.

அதன் மறுபக்கமும் யாழ்ப்பாணத்திலேயே உள்ளது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படியுள்ள நூலை மீண்டும் வாங்கலாம். படியில்லாச் சுவடியை எவ்வளவு பொருள் கொடுத்தும் மீட்க இயலாது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கி எவரும் பதிவிறக்கிக்கொள்ளுமாறு வழங்குகின்றது. பதிவிறக்குவோர் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே ஒரு படியின் காவலர் ஆகின்றனர்.

மேலைநாட்டு நூலகத்தாரும் இம்முடிவுக்கே வந்தனர். மின்னிதழ்களின் நிலையாமை கண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 1999ஆம் ஆண்டில் லாக்ஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. படிகள் பலவாயின் பொருள் பிழைக்கும் என்பதே அப்பெயரின் விரிவு. பல நூலகங்கள் ஒரே இதழின் படியைத் தத்தம் கணினியில் வைத்திருக்கும். அப்படிகள் தமக்குள் ஒப்புநோக்கிக்கொண்டு, ஒன்றிற் பழுது நேரின் மற்றவற்றைக் கொண்டு திருத்திக்கொள்ளும். ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்ட பதிப்பாசிரியரின் பணியை இங்குக் கணினி செய்கின்றது.

வைத்தல் மட்டும் போதாது. படிக்கத்தக்கதாக வைத்தல் வேண்டும் என்பதற்கும் தமிழிலேயே சான்றுண்டு. 1990களிற் தட்டச்சு செய்யப்பெற்ற தமிழ்க் கோப்புகள் எண்ணற்ற எழுத்துருக் குறிமுறைகளில் அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தம் மின்னூல்களைப் பழங்குறிமுறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டனர். ஆகவே அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. மாற்றாது விடப்பெற்ற கட்டுரைகளும் ஆய்வேடுகளும் குறுவட்டில் இருந்தும் இல்லாதனவே. பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் எழுதிய அதே பணி இது. கருவி மட்டுமே வேறு.

செய்யத்தக்கன

இவற்றால் உயர்கல்வி நிறுவனங்களும் நூலகங்களும் கடைப்பிடிக்கத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன.

1. அன்றாடப் பணிக்கு மேகத்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்துக. நூற்பட்டியல், இணைய வகுப்பு, கூட்டாய்வு ஆகியவற்றுக்கு அதனினும் எளிய வழி அரிது.

2. காக்கத்தக்க பொருளுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் அமைதலும், ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தலும் வேண்டும். கணிப்பொறித் துறையினர் இதனை 3-2-1 விதி என்பர். யூனிசூப்பர் நிகழ்ச்சி காட்டுவதுபோல, அவ்வேற்றிடம் வேறொரு கணக்கிற்கும் வேறொரு நிறுவனத்திற்கும் உரியதாயின் மிக நன்று.

3. காப்புப் படியை ஆண்டுக்கொருமுறையேனும் திறந்து பார்த்தல் வேண்டும். திறக்க இயலாத படி, படியன்று.

4. கோப்புகள் யூனிகோடு எழுத்திலும், எந்த மென்பொருளாலும் திறக்கத்தக்க பொது வடிவிலும் இருத்தல் வேண்டும்.

5. ஒப்பந்தம் எழுதும்பொழுதே வெளியேறும் வழியையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். மேக நிறுவனங்கள் பல, தரவை வெளியே எடுப்பதற்கும் கட்டணம் பெறுவன. மாணவரின் தரவு எங்கே வைக்கப்படும், யார் காண்பர் என்பனவும் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டித் தெளிவாக்கப்பட வேண்டும்.

6. துறைக்குரிய தொகுப்பு ஓர் ஆசிரியரின் பெயரிலுள்ள கணக்கில் இருத்தலாகாது. அவர் ஓய்வுபெற்று அக்கணக்கு மூடப்படின், தொகுப்பும் உடன்மறையும். பொறுப்பு பதவிக்குரியதாக இருத்தல் வேண்டும்.

நிறைவுரை

இந்திய அரசின் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம், மும்பை, டெல்லி நூலகங்கள் ஆகிய நான்கிற்கும் அளிக்கப்பட வேண்டும் என்கின்றது. ஒன்று போதாது, ஓரிடம் போதாது என்னும் நூலக அறம் அச்சட்டத்தில் உறைகின்றது. மின்வடிவ எழுத்துக்கும் அவ்வறமே பொருந்தும்.

பெருநூல்களைக் காக்கப் பெருநிறுவனங்கள் உள்ளன. திருக்குறள் உலகின் எம்மேகத்திலும் இருக்கும். ஆனால் ஒரு கல்லூரித் தமிழ்த்துறையின் கையெழுத்து இதழ், மாணவர் கிராமந்தோறும் சென்று நாடாவிற் பதிந்த தாலாட்டும் ஒப்பாரியும், ஒரு சிற்றூர் இலக்கிய வட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேடு ஆகியவற்றை எந்த நிறுவனமும் தானாகத் தேடி வாராது. அவை பெரும்பாலும் ஒற்றைப் படியாகவே உள்ளன. பாடியோர் பலர் மறைந்தனர். நாடாவும் நாள்தோறும் நைகின்றது. அவற்றை மின்படியாக்கி, மேகத்தில் ஒன்றும் கையில் ஒன்றும் வேற்றூரில் ஒன்றுமாக வைத்தல் இத்தகைய வட்டங்களால் இயலும் பணி. அவற்றாலன்றிப் பிறரால் இயலாத பணி.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் உரைகளும் பாக்களும் மலராக அச்சேறுகின்றன. அம்மலரின் படி உறுப்பினர் இல்லங்களிலும், ஊர்ப்புற நூலகத்திலும், மின்னூலகத்திலுமாகப் பல இடங்களில் தங்குமாயின் இருபதாம் ஆண்டு விழாவுக்கும் நூறாம் ஆண்டு விழாவுக்கும் அது சான்றாக எஞ்சும். மேகம் பொழியலாம், கலைந்தும் போகலாம். பொழிந்த நீரைக் காப்பது ஏரியும் குளமும் வெட்டிவைத்த ஊராரின் கடமை. அக்கடமையை ஊர் மறவாதிருப்பதாக.